இரு துறைமுகங்களும் இளையோர் ஓட்டமும்

இந்து சமுத்திரத் துறைமுகங்களின் வரலாற்றை ஆராய்வோர் திருகோணமலையையும் மொம்பாசாவையும் ஒருங்குவைத்து நோக்குதல் அரிது. ஒன்று இலங்கையின் கீழ்க்கரையில் உள்ளது. மற்றையது ஆபிரிக்காவின் கீழ்க்கரையில் உள்ளது. ஆயினும் இவ்விரண்டிற்குமிடையே காணப்படும் ஒற்றுமைகள் வியப்பினைத் தருவன. இரண்டும் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்கள். இரண்டினையும் போர்த்துக்கேயர் நாடி வந்தனர். மொம்பாசாவிலே 1593ஆம் ஆண்டு இயேசுக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய அவர்கள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர் திருகோணமலையிலே கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே மலைமுனையிற் கோட்டை எழுப்பினர். பிற்காலத்தில் மொம்பாசா ஓமான் அரபியர் வசமாயிற்று. திருகோணமலை ஒல்லாந்தருக்கும் பிரெஞ்சுக்காரருக்குமிடையே கைமாறிற்று. ஈற்றில் இரண்டும் பிரித்தானியப் பேரரசினுள் அடங்கின.

இவ்விரு துறைமுகங்களையும் நேரடியாகப் பிணைத்த நிகழ்ச்சி 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் நிகழ்ந்தது. அம்மாதம் 5ஆந் திகதி கொழும்பையும் 9ஆந் திகதி திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றி எரிந்தது. அன்றைய தினமே ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரைக்கப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இலங்கைத் துறைமுகங்கள் பாதுகாப்பற்றவை எனக் கண்ட பிரித்தானியக் கீழைக் கடற்படை, தனது தளத்தை மொம்பாசாவின் கிளிண்டினித் துறைமுகத்திற்கு மாற்றிற்று. மொம்பாசாவிலிருந்த அல்லிதினா விஸ்ராம் பாடசாலை, எதிரியின் மறைமொழிச் செய்திகளை அவிழ்க்கும் நிலையமாயிற்று. 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் அக்கடற்படை மீண்டும் திருகோணமலைக்குத் திரும்பியது.

அந்நிகழ்ச்சிக்கு 65 ஆண்டுகளின் பின்னர், 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி, அதே மொம்பாசாவிலே உலகின் இளைஞர் பலர் ஒன்றுகூடினர். அவர்கள் கப்பலேற வந்தவரல்லர்; ஓட வந்தவர்கள். 'குறொஸ் கன்றி' எனப் பெயர்பெற்ற நிலவெளி ஓட்டத்தின் உலகச் சம்பியன் போட்டி அந்நகரிலுள்ள கோல்வ் மைதானமொன்றிலே நடைபெற்றது. இருபது வயதுக்குட்பட்ட ஆடவருக்குரிய ஓட்டத்திலே கென்யாவின் அஸ்பெல் கிப்ரொப் முதலிடம் பெற்றார். அந்நாளிலே திருகோணமலை இளைஞர் எந்நிலையில் இருந்தனர்? ஒரே கடற்படையின் தளங்களாயிருந்த இரு துறைமுகங்களுள், ஒன்று இளையோரை ஓட அழைக்கும் நகராகவும் மற்றையது இளையோர் ஓடவியலாத நகராகவும் மாறியமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓட்டத்தின் தோற்றம்

நிலவெளி ஓட்டம் ஏனைய ஓட்டங்களிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகின்றது. விளையாட்டரங்கிலே அளந்து வகுத்த பாதையில் ஓடும் வீரன் எந்நாட்டிலும் ஒரே தூரத்தை ஒரே வகையான தரையில் ஓடுகின்றான். நிலவெளி ஓட்டத்திலோ புல்தரை, சேறு, மேடு, பள்ளம், நீரோடை ஆகியனவே ஓடுபாதையாகின்றன. எனவே ஓரிடத்தில் ஓடிய நேரத்தை வேறோரிடத்தில் ஓடிய நேரத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. இங்கு மனிதன் மனிதனோடு மாத்திரமன்றி நிலத்தோடும் போட்டியிடுகின்றான்.

இவ்வோட்டம் இங்கிலாந்தின் பாடசாலைகளிலே தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஷ்ரூஸ்பரி, ரக்பி முதலிய பாடசாலை மாணவர் வேட்டையைப் போன்றதொரு விளையாட்டை ஆடினர். முயலாக நடிக்கும் இருவர் கடதாசித் துண்டுகளைச் சிதறிக்கொண்டு முன்னே ஓட, வேட்டைநாய்களாக நடிப்போர் அத்தடத்தைப் பின்பற்றித் துரத்துவர். தோமஸ் ஹியூஸ் 1857ஆம் ஆண்டு வெளியிட்ட ரக்பிப் பாடசாலை பற்றிய புகழ்பெற்ற நாவலில் இவ்விளையாட்டு விரிவாக வருணிக்கப்பட்டுள்ளது. 1868ஆம் ஆண்டு லண்டனுக்கண்மையில் தேம்ஸ் கழகம் இவ்வோட்டத்துக்கெனவே அமைக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டு எப்பிங் வனத்தில் நடைபெற்ற முதலாவது ஆங்கிலேயத் தேசியப் போட்டியில் ஓடியோர் வழிதவறியமையால் அப்போட்டி செல்லுபடியற்றதாயிற்று என்பது சுவையான செய்தியாகும். அடுத்த ஆண்டே முறையான போட்டி நடைபெற்றது.

1898ஆம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் பாரிசுக்கு அண்மையிலே மோதின. 1903ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் ஹமில்ரனிலே இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, வேல்சு ஆகிய நான்கும் பங்குபற்றிய முதலாவது சர்வதேசப் போட்டி நடாத்தப்பட்டது. ஆங்கிலேயரான அல்பிரட் ஷ்ரப் அதில் முதல்வரானார். 1907ஆம் ஆண்டு பிரான்சு சேர்ந்துகொண்டது. இவ்வோட்டம் 1912, 1920, 1924ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களிலும் இடம்பெற்றது. பாரிசில் 1924ஆம் ஆண்டு கடும் வெப்பத்திலே ஓடிய 38 பேருள் 15 பேரே எல்லையை அடைந்தனர். பின்லாந்தின் பாவோ நூர்மி அவர்களுள் முதல்வராக வந்தார். பலர் மயங்கி வீழ்ந்த அக்காட்சியின் பின்னர் ஒலிம்பிக்கிலிருந்து இவ்வோட்டம் நீக்கப்பட்டது.

கதவு திறந்த வரலாறு

சர்வதேசப் போட்டி நெடுங்காலம் மேற்கைரோப்பியரின் குடும்ப விழாவாகவே இருந்துவந்தது. அக்குடும்பத்தினுள் ஆபிரிக்கர் முதலிற் புகுந்தது குடியேற்ற நாட்டவர் என்ற வகையிலேயாகும். அல்ஜீரியாவிற் பிறந்த அலன் மிமூன், பிரான்சின் சார்பில் ஓடி 1949, 1952, 1954, 1956ஆம் ஆண்டுகளிலே வென்றார். 1956ஆம் ஆண்டு மொறோக்கோ விடுதலை பெற்றது. நான்கு ஆண்டுகளின் பின்னர் ராடி பென் அப்தெசலாம் அந்நாட்டின் பெயரிலேயே ஓடிச் சர்வதேசப் போட்டியிலே முதலிடம் பெற்றார். பிரான்சின் சட்டையணிந்து ஓடிய மிமூனுக்கும் சொந்த நாட்டின் சட்டையணிந்து ஓடிய ராடிக்குமிடையே ஒரு வரலாற்று மாற்றம் நிகழ்ந்துவிட்டது.

இம்மாற்றத்தை அடுத்து, 1961ஆம் ஆண்டு பிரான்சின் நாந்த் நகரிலே இளையோர் ஆடவருக்கெனத் தனியோட்டம் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்தரும் அதில் ஓங்கி நின்றனர். 1969ஆம் ஆண்டு டேவிட் பெட்போர்ட்டும் 1971ஆம் ஆண்டு நிக் றோஸும் வென்றமை இதற்கு எடுத்துக்காட்டாகும். 1973ஆம் ஆண்டு சர்வதேச அமெச்சூர் மெய்வல்லுநர் சம்மேளனம் போட்டியைத் தன் பொறுப்பில் ஏற்றது. பெல்ஜியத்தின் வாரெகெமிலே அவ்வாண்டு நடைபெற்ற போட்டியே முதலாவது உலகச் சம்பியன் போட்டியெனக் கொள்ளப்படுகின்றது. இளையோர் ஓட்டத்தில் அன்று ஸ்கொட்லாந்தின் ஜிம் பிறௌன் வென்றார். அடுத்து வந்த சில ஆண்டுகளில் அமெரிக்க இளைஞரே முதலிடத்தைப் பெற்றனர்.

1981ஆம் ஆண்டு மட்ரிட் நகரிலே எதியோப்பியரும் கென்யரும் முதன்முறையாகத் தோன்றினர். மூத்தோர் ஓட்டத்தில் முன்னே சென்ற எதியோப்பியர் இன்னுமொரு சுற்று எஞ்சியிருப்பதை அறியாது, எல்லையை அடைந்துவிட்டதாக எண்ணி விரைந்து ஓடிக் களைத்தனர். எனினும் அணி வெற்றி அவர்களுக்கே கிட்டிற்று. 1982ஆம் ஆண்டு றோமிலே இளையோர் ஆடவர் ஓட்டத்தை எதியோப்பியர் வென்றனர். 1985ஆம் ஆண்டு லிஸ்பனிலே கென்யாவின் கிமெலி கிப்கெம்பொய் வென்றார். அதன் பின்னர் இவ்விரு நாடுகளுமே இளையோர் ஓட்டத்தின் பெரும்பாலான வெற்றிகளைப் பங்கிட்டுக்கொண்டன. 2001ஆம் ஆண்டு ஒஸ்டெண்டிலே வென்ற எதியோப்பியாவின் கெனெனிசா பெக்கலேயும், 2003ஆம் ஆண்டு லொசானிலே வென்ற கென்யாவின் எலியுட் கிப்சொகேயும் பின்னர் உலகின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டவீரர்களாயினர். எனவே இளையோர் ஓட்டம் பெருவீரர்கள் கால்வைத்து ஏறிய முதற்படியாயிற்று எனலாம்.

இங்கு போட்டியின் விதியொன்று சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. தனி வெற்றியோடு அணி வெற்றியும் கணிக்கப்படுகின்றது. மொம்பாசாவில் நடைபெற்ற போட்டியில் இளையோர் அணியொன்றில் முன்வந்த நால்வரின் இடங்கள் கூட்டப்பட்டன. கூட்டுத்தொகை எவ்வணிக்குக் குறைவோ அவ்வணியே வென்றது. முதலிடம் பெற்ற ஒருவன் அணியில் இருந்தும், ஏனையோர் பிந்தி வரின் அவ்வணி தோற்றுவிடும். எனவே ஒப்பற்ற ஒரு வீரனைப் பெற்ற நாட்டைவிட, ஒத்த திறமையுள்ள பல இளைஞரைப் பெற்ற நாடே இவ்வோட்டத்தில் மேம்படும். தனிமனிதரின் ஆற்றலுக்கு மேலாக ஒரு சமூகத்தின் வாழ்நிலையை அளக்கும் கருவியாக இவ்வோட்டம் அமைவது இதனாலேயே.

கென்யாவின் வழி

கென்யரின் வெற்றிக்கு அவர்கள் வாழும் மேட்டுநிலத்தின் உயரமே காரணம் எனக் கூறுவோர் உளர். இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே வளர்வோரின் உடல் மெல்லிய காற்றுக்குப் பழகுவது உண்மையே. ஆனால் உயரம் ஒன்றே காரணமாயின், உலகின் உயர்ந்த மேட்டுநிலங்கள் யாவும் அத்தகைய வீரரை ஈன்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. அன்றியும் அந்த மேட்டுநிலம் பிரித்தானியர் காலத்திலும் அதே உயரத்திலேதான் இருந்தது. அக்காலத்தில் றிப்ட் பள்ளத்தாக்கை உள்ளிட்ட வளமான மேட்டுநிலங்களின் பெரும்பகுதி வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1952ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகால நிலை 1960ஆம் ஆண்டுவரை நீடித்தது. நிலத்துக்கான போராட்டமே கென்ய விடுதலை வரலாற்றின் மையமாக இருந்தது.

அந்நிலையிலும் மிஷன் பாடசாலைகளும் இராணுவம், பொலிஸ், சிறைச்சாலைத் திணைக்களம் ஆகியனவும் ஓட்டத்தை வளர்த்தன. 1954ஆம் ஆண்டு வன்கூவரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவிலே மூன்று மைல் ஓட்டத்தில் நாலாம் இடம் பெற்ற நியாண்டிகா மையோரோ, கென்யரை உலகு அறியச் செய்தார். 1963ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. ஐந்து ஆண்டுகளின் பின்னர் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே கிப்சொகே கெயினோ 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப்பதக்கம் வென்றார். 1976ஆம் ஆண்டு இற்றன் என்னும் சிற்றூரிலுள்ள புனித பற்றிக் உயர்பாடசாலைக்கு அயர்லாந்திலிருந்து ஆசிரியராக வந்த கொல்ம் ஓகொனல் சகோதரர், அங்குள்ள மாணவருக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கலானார். அவரிடம் பயின்றோர் பலர் உலக வெற்றிகளைப் பெற்றனர். பாடசாலையும் அதனைச் சூழ்ந்த மண்பாதைகளும் வைகறையில் அஞ்சாது ஓடக்கூடிய அமைதியும் ஒருங்கே வாய்த்தமையே இவ்வெற்றிகளின் அடிப்படை.

அவ்வமைதி குலைந்தபோது யாது நிகழ்ந்தது என்பதையும் கென்ய வரலாறே காட்டுகின்றது. 2007ஆம் ஆண்டு டிசம்பர்த் தேர்தலின் பின்னர் எல்டொரெட் பிரதேசத்தில் இனக்கலவரம் மூண்டது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஓடிய லூக்காஸ் சாங், அவ்வாண்டின் இறுதி நாளன்று கொல்லப்பட்டார். வீதிகளிலே தடைகள் எழுந்தன. வீரர் பலர் பயிற்சியைக் கைவிட்டு வீடுகளில் அடங்கியிருக்க நேர்ந்தது. அதே மேட்டுநிலம், அதே உடல், அதே மரபு. ஆனால் வழி மூடப்பட்டதும் ஓட்டம் நின்றுவிட்டது. நல்வாய்ப்பாக அந்நிலை சில வாரங்களிலே தணியத் தொடங்கிற்று. திருகோணமலையிலோ அது தணியப் பல்லாண்டுகள் சென்றன.

திருகோணமலையின் நிலம்

திருகோணமலையிலே துறைமுகத்தை ஆண்டவரே நிலத்தையும் ஆண்டனர். கோட்டையும் கப்பற்றளமும் உட்துறைமுகத்தைச் சூழ்ந்த முனைகளும் படையினருக்குரியனவாயின. இரு உலகப் போர்களுக்குமிடைப்பட்ட காலத்திலே சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் நிறுவப்பட்டபோது மேலும் பரந்த நிலம் வேலிகளுக்குள் அடங்கிற்று. 1957ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை வெளியேறியதும் தளம் இலங்கையரசிடம் கையளிக்கப்பட்டது. கொடி மாறிற்று, வேலி மாறவில்லை. கப்பற்றளம் இலங்கைக் கடற்படையின் தளமாயிற்று. சீனன்குடா விமானப்படையிடம் சேர்ந்தது. கோட்டையினுள் இராணுவம் தங்கிற்று. கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் அடியார் இன்றும் அக்கோட்டை வாயிலைக் கடந்தே செல்கின்றனர்.

பிரித்தானியர் விட்டுச்சென்ற விளையாட்டுக்களுள் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் இங்கு வேரூன்றின. மெய்வல்லுநர் போட்டிகள் பாடசாலை வாழ்வின் ஓரங்கமாயின. மக்கெய்சர் மைதானமும் ஏகாம்பரம் மைதானமும் நகரத்து இளைஞரின் ஆடுகளங்களாயின. ஆனால் நிலவெளி ஓட்டம் இவற்றிற்கிணையான இடத்தைப் பெறவில்லை. நாட்டின் ஏனைய பகுதிகளிலும் ஏறத்தாழ இதே நிலையே காணப்பட்டது. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிலே தடைதாண்டி ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்ற டங்கன் வைற்றும், 1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விழாவிலே உயரம் பாய்ந்து தங்கப்பதக்கம் வென்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கமும், 1970ஆம் ஆண்டு பாங்கொக்கிலே 5000, 10,000 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்ற லூசியன் றோசாவும் தனிப்பெரும் வீரராவர். அவர்தம் புகழ் என்றும் குன்றாது. எனினும் முன்வரும் நால்வரின் இடங்களைக் கூட்டிப் பார்க்கும் ஓட்டத்துக்கு வேண்டிய கூட்டத்தை நம் நாடு உருவாக்கவில்லை என்பதும் மறுக்கவொண்ணாதது.

இக்குறையை நிரப்பவேண்டிய தலைமுறை போருக்குள் வளர்ந்தது. 2007ஆம் ஆண்டு மொம்பாசாவிலே இளையோராக ஓடும் தகுதி பெற்றவர்கள் 1988ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்தவர்களாவர். அதே ஆண்டிலே திருகோணமலை மாவட்டத்திற் பிறந்த ஒரு பிள்ளையின் வாழ்வை ஆண்டு வரிசையில் நோக்குதல் பொருத்தமாகும். அப்பிள்ளை இரண்டு வயதை எட்டிய 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பதினான்கு வயதில், 2002ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; வீதிகள் ஓரளவு திறந்தன. பதினாறு வயதில், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை அழித்தது. பதினெட்டு வயதில், 2006ஆம் ஆண்டில், மாவட்டம் முழுவதும் மீண்டும் போர்க்களமாயிற்று. ஓட்டவீரன் உருவாகும் பருவத்திலே அப்பிள்ளைக்குக் கிடைத்த திறந்த காலம் நான்கு ஆண்டுகளே.

2006ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் தனியே குறிப்பிடப்பட வேண்டியவை. ஜனவரி 2ஆந் திகதி மாலை திருகோணமலை நகரக் கடற்கரையிலே கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ இருபது வயதினர். உலகின் விளையாட்டு விதிகள் 'இளையோர்' என வகுத்த எல்லையிலே நின்றவர்கள். அவ்வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் போதிய சான்றில்லையென 2019ஆம் ஆண்டு விடுவிக்கப்பட்டனர். ஏப்பிரல் 12ஆந் திகதி நகரச் சந்தையிலே குண்டு வெடித்தது. அதனைத் தொடர்ந்து தமிழருக்கெதிரான வன்செயல்கள் பரவின. ஜூலை மாதம் மாவிலாற்று நீரை விடுதலைப் புலிகள் தடுத்தமையை அடுத்துப் பெரும் போர் மூண்டது. ஓகஸ்ட் மாதம் மூதூரில் நடந்த சண்டையால் முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் ஊரைவிட்டு வெளியேறினர். அதே மாதம் மூதூரிலே பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொலையுண்டனர். சம்பூர்த் தமிழ் மக்கள் தம் நிலங்களை விட்டு நீங்கினர். இனம் எதுவாயினும் இளைஞரின் வழிகள் யாவும் அடைபட்டன.

மொம்பாசாவிலே ஓட்டம் நிகழ்ந்து இரண்டு தினங்களின் பின்னர், மார்ச் 26ஆந் திகதி, கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின்மீது விடுதலைப் புலிகளின் விமானங்கள் குண்டு வீசின. அவ்வாண்டு மே மாத இறுதியிலே மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர்பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்டன. வயலும் மேய்ச்சல் நிலமும் கடற்கரையுமாக விரிந்த பெருநிலம், அதில் பிறந்தவரே கால்வைக்கவியலாத நிலமாயிற்று. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் சம்பூர்க் காணிகள் உரியவரிடம் மீண்டன. ஒரு குழந்தை பிறந்து பாடசாலையில் மூன்றாம், நாலாம் வகுப்புக்குச் செல்லும் அளவு காலம் அதற்கிடையிற் கழிந்துவிட்டது.

இங்கு ஒன்றை நுணுகி நோக்குதல் வேண்டும். நெடுந்தூர ஓட்டக்காரன் வைகறையிலோ அந்திப்பொழுதிலோ தனியே நெடுந்தொலைவு ஓடுபவன். போர்க்காலத்துக் காவலரணின் கண்ணுக்கு அத்தகையவன் எவ்வாறு தோன்றுவான்? அமைதியான நாட்டிலே ஓடும் இளைஞன் வீரனாகத் தோன்றுகின்றான். போர் நடக்கும் நாட்டிலோ அவன் தப்பியோடுபவனாகத் தோன்றுகின்றான். வயல்வரம்பிலே கண்ணிவெடியும், வீதியிலே சோதனைச் சாவடியும், இரவிலே அச்சமும் நிறைந்த மாவட்டத்தில் ஏனைய விளையாட்டுக்கள் மதிலுக்குள்ளேனும் ஓரளவு தொடர இயலும். நிலவெளி ஓட்டம் மதிலுக்குள் நிகழவியலாதது. போர் முதலிற் கொன்ற விளையாட்டு இதுவேயாகும். ஆனால் அது முன்னரே வேரூன்றாதிருந்தமையால், அதன் இறப்பை எவரும் அறிந்திலர்.

வெப்பம் என்னும் தடை

திருகோணமலை போன்ற வெப்பமான கரையோர நகரிலே இவ்வோட்டம் இயலாது என்று சிலர் கூறக்கூடும். இலங்கையில் இத்தகைய போட்டிகள் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைநகரை நாடுவதும் இக்கருத்தினாலேயே. இதற்கு மொம்பாசாவே தக்க விடையாகின்றது. அங்கும் கடலோரத்து வெப்பமும் ஈரக்காற்றும் ஓடியவரை வாட்டின. மூத்தோர் ஆடவர் ஓட்டத்தில் பலர் இடைநடுவிலே விலகினர். 2002 முதல் 2006 வரை நெடும்போட்டியிலே தொடர்ந்து வென்றுவந்த பெக்கலே அன்று ஓட்டத்தை நிறைவுசெய்யவில்லை. எரித்திரியாவின் செர்செனாய் தடெசே வென்றார். வெப்பம் ஓட்டத்தைக் கடினமாக்கிற்று; ஆனால் தடுக்கவில்லை. ஓடுபாதையைச் சூழ்ந்து நின்ற பெருந்திரளான மக்கள் அன்று தம் நகருக்கு உலகம் வந்ததைக் கண்டு மகிழ்ந்தனர். துறைமுக நகரொன்று போர்க்கப்பல்களை மாத்திரமன்றி ஓட்டவீரரையும் வரவேற்கலாம் என்பதற்கு அந்நாள் சான்றாகும்.

கென்யாவின் வெற்றியைக் குறையற்றதெனக் கூறுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. மொம்பாசாவில் வென்ற கிப்ரொப், 2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் முதலில் வந்தவர் ஊக்கமருந்துக் குற்றத்தினால் நீக்கப்பட்டமையால் 1500 மீற்றர் ஓட்டத்தின் தங்கப்பதக்கத்தைப் பெற்றார். பின்னர் அவரே ஊக்கமருந்துக் குற்றத்தின்பேரில் 2019ஆம் ஆண்டு நான்கு ஆண்டுத் தடைக்கு உள்ளானார். வறுமையிலிருந்து மீள ஓட்டமொன்றே வழியென்றாகும்போது இத்தகைய வீழ்ச்சிகளும் உடன்வருகின்றன. எனவே கென்யாவிலிருந்து நாம் கற்கவேண்டியது பதக்கம் பெறும் உபாயத்தையன்று. பாடசாலையையும் நிலத்தையும் இணைத்த முறையையேயாகும்.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. இளையோர் நிலவெளி ஓட்டத்தின் வரலாறு, வழிகள் திறக்கப்பட்ட வரலாறேயாகும். நான்கு நாடுகளுக்கென 1903ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி, விடுதலை பெற்ற நாடுகளின் இளைஞருக்கு இடமளித்தபோதே உலகப் போட்டியாயிற்று. அவ்வாறு வந்த நாடுகளுள்ளும், தம் இளைஞர் அச்சமின்றி ஓடுதற்கு நிலத்தையும் அமைதியையும் அளித்தவையே மேம்பட்டன. மொம்பாசாவும் திருகோணமலையும் கடலால் ஒத்தவை, வெப்பத்தால் ஒத்தவை, ஆண்டவரால் ஒத்தவை. அவற்றை வேறுபடுத்தியது நிலத்தின்மீது மக்களுக்கிருந்த உரிமையேயாகும்.

போர் 2009ஆம் ஆண்டு முடிவுற்றது. அவ்வாண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, நெடுங்காலம் தோணியை நம்பியிருந்த மக்களுக்கு நிலவழி கிடைத்தது. அறுவடை முடிந்த தம்பலகாமத்து வயல்கள், நிலாவெளியின் நீண்ட மணற்கரை, கன்னியா வழியேயுள்ள மேடுகள், மீண்டும் கிடைத்த சம்பூர் நிலம் ஆகிய யாவும் இயற்கை வகுத்த ஓடுபாதைகள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலை மாணவர் ஓரணியில் நின்று ஓடுதற்கும் இம்மாவட்டத்தினும் பொருத்தமான இடம் வேறில்லை. நால்வரின் இடங்களைக் கூட்டும் அவ்விதி, ஒருவனின் வெற்றி மற்றவனின் உழைப்பிலே தங்கியிருப்பதை அவர்களுக்கு எந்நூலையும்விடத் தெளிவாக உணர்த்தும்.

1942ஆம் ஆண்டு அச்சத்தினாலே ஒரு கடற்படை திருகோணமலையை விட்டு மொம்பாசாவுக்குச் சென்றது. அமைதியினாலே மொம்பாசாவிலிருந்து திருகோணமலைக்கு வரவேண்டியது ஒன்றுண்டு. வைகறையிலே ஓர் இளைஞன் வீதியில் ஓடிச்செல்ல, அவனைக் கண்டவர் எவரும் அஞ்சாது, எவரும் ஐயுறாது, தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையே அதுவாகும். பதக்கங்கள் அதன்பின் வரினும் வரும், வாராதொழியினும் குற்றமில்லை.